இதில் என் பால் எது

செல்லம்பட்டி விலக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டர்,
முன்பு பருத்திக் கிட்டங்கி.
சுவரில் அழியாமல் நின்ற உர விளம்பரத்தின் மேலேயே
கம்பெனிப் பெயரை எழுதினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பங்குதாரர்கள்.
பங்கு ஒன்று ஆயிரம் ரூபாய்.
ஆசைக்கொடி நூறு நூறாகக் கட்டிய பத்து ரசீதும்
அவள் பசுவின் இன்சூரன்ஸ் தாளோடு
ஒரே மஞ்சள் பையில் இருக்கின்றன.

பத்து லிட்டருக்கு ஒரு கிலோ என்று நான் சொன்னதும்
கூட்டத்தில் எழுந்தார் காசிமாயன்.
'அப்ப மிச்சம் ஒம்பது எங்கம்மா போச்சு?'
தெளிநீரை ஒரு டம்ளரில் கொடுத்தேன்.
வாயில் வைத்துத் துப்பினார்.
மறுநாள் அவர் எருமை தொட்டியை நக்கி வைத்தது.
எருமை ஒத்துக்கொண்டது,
அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பெயரிலும் தகராறு.
பாலாடைக்கட்டி என்றால் லேபிள் போதவில்லை.
சீஸ் என்றால் ஒச்சம்மாளுக்குத் தும்மல் போல வருகிறதாம்.
கடைசியில் 'கட்டி' என்றே நின்றது.
பீபிகுளத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்:
'கட்டி கரையிறதுக்கு மருந்து குடுக்குறீங்களாமே?'
கரையும் என்றேன், சூடான தோசைக்கல்லில்.

தமுக்கத்தில் உணவுத் திருவிழா.
கம்பு, வரகு, பனங்கிழங்குக் கடைகளுக்கு நடுவே
மிளகு பதித்த எங்கள் வட்டங்கள்.
சட்டையில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து
இது உள்ளூர்ச் சாப்பாட்டில் சேராதே என்றார்.
ஒச்சம்மாள் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் வைத்தாள்.
'பால் கருமாத்தூரு, உப்பு தூத்துக்குடி,
தின்ன வந்த நீங்க மதுரை.
அந்தா அந்தச் சட்டினியில கெடக்குற மிளகாயி
மாட்டுத்தாவணியில பஸ் ஏறியா வந்துச்சு?'
அவர் இரண்டாவது துண்டு கேட்டார்.
அதற்குக் காசு வாங்கினாள்.

சித்திரையில் டிரான்ஸ்பார்மர் வெடித்த இரவு
அறை பன்னிரண்டு டிகிரியிலிருந்து
பதினாலு, பதினேழு, பத்தொன்பது.
ஜெனரேட்டர் இருமி இருமி அடங்கியது.
கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு
ஜெயப்பாண்டி வந்து சேர்ந்தபோது மணி நாலு.
ஈரச்சாக்கு சுற்றிச் சுற்றி வைத்தோம்.
கை மரத்துப்போன பிறகுதான்
தோளில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தேன்.
பதினொரு வட்டம் விரிசல் விட்டது.
பைபாஸ் ரோடு ஹோட்டல் திருப்பி அனுப்பியது.
காளவாசல் பரோட்டா மாஸ்டர் ஒருவர்
பாதி விலைக்கு வாங்கி
முட்டை பரோட்டாவில் துருவிப் போட்டார்.
இப்போது வாராவாரம் கேட்கிறார்,
'அந்த ஒடஞ்சது இருக்கா?'
முழுசை உடைத்து அனுப்புகிறோம்.

போன வாரம், ராத்திரி பால் ஊற்றிவிட்டுப் போகாமல்
வாசலிலேயே நின்றார் காசிமாயன்.
உள்ளே கூட்டிப்போனேன்.
செருப்பைக் கழற்றி, தலைக்கு வலைத்தொப்பி மாட்டி,
யாரோ போல இருந்தார்.
பலகைகளில் தேதி எழுதிய வட்டங்கள்.
ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.
'இதுல என் பால் எது?'

எல்லாத்திலயும் இருக்கு என்றேன்.
'அப்ப கீழத்தெரு பாலு?'
அதுவும் எல்லாத்திலயும் இருக்கு.

குளிர்சாதனத்தின் உறுமல் மட்டும்.
கோயிலில் தனி வரிசை, டீக்கடையில் எப்படியோ,
கண்மாய்ப் படித்துறையில் இன்னும் இரண்டு கரை.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
இந்த மனிதர் நாளைக்குக் கேனை
தனியார் பண்ணை வண்டியில் ஏற்றினால்
பதினெட்டு லிட்டர் குறையும் என்று
மனசு கணக்குப் போட்டது, வெட்கமில்லாமல்.

தினமும் திருப்பணும்ல, என்றார்.
ஆமா, இல்லைன்னா ஒரு பக்கம் ஈரம் தங்கிப் பூத்துரும்.
இரண்டு கையாலும் ஒரு வட்டத்தைத் தூக்கினார்,
ஈன்ற கன்றைத் தூக்குகிற மாதிரி, அடியில் கை கொடுத்து.
திருப்பி வைத்தார்.
விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தார்.

'உப்பு கூட.'

தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு
செருப்பைத் தேடினார்.
வாசலில் நின்று கேட்டார்,
'லிட்டருக்கு மூணு ரூவா ஏத்துறதாச் சொன்னீகளே,
இந்த மாசமா, அடுத்த மாசமா?'